எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தவர்

"மேலேருந்து மூணாவது பட்டன்னு நாற்பது டெஸ்ட்டுலயும் எழுதி வச்சிருக்கியே. டிசைன் பண்றவன் ஒண்ணை நகர்த்தினா நாற்பது இடத்துல போய் அழுவியா?" என்றார் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே. மென்பொருளின் பட்டன்களைத் தானாக அழுத்திச் சரிபார்க்கும் டெஸ்ட்டுகளை எழுதுவதுதான் அவள் வேலை.

"வேற என்ன பண்ணணுமாம்?"

"ஒரு திரைக்கு ஒரு கிளாஸ்னு தனித்தனியா நிரல் எழுது. பட்டன் எங்கே இருக்குன்னு அந்த கிளாஸுக்குத் தெரிஞ்சா போதும். டெஸ்ட்டு 'அழுத்து'ன்னு மட்டும் சொல்லட்டும்."

"நாளைக்கு எழுதறேன். முதல்ல குடையை எடுங்க."

அன்று மதியம் அவருடைய இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது.

எட்டு மாதம் கழித்து மனிதவள அதிகாரி அவள் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் தினமும் ஆபீசுக்கு வந்துட்டு இருக்கார்மா."

அவள் பதறவில்லை. இருவருக்கும் ஒரே அலுவலகம். அது வருகைப் பதிவு மென்பொருள் செய்யும் நிறுவனம். அதைத்தான் தங்களுக்கும் வைத்திருந்தார்கள்; வாசலில் அட்டையைத் தேய்த்தால் வந்த நேரம் பதிவாகும். அவளுடைய டெஸ்ட்டுகளில் மாதிரி ஊழியராக இருந்தது கணவரின் எண். அதனால்தான் அதை நீக்காமல் விட்டிருந்தார்கள்.

"டெஸ்ட்டுதான் அவருக்கு வருகை போட்டிருக்கும். சரி பண்ணிடறேன்."

மேலாளர் அவ்வளவு லேசில் விடவில்லை. "வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வர்றார். செத்தவருக்கு..." தொண்டையைச் செருமினார். "காலமானவருக்கு வருகை போடுற மென்பொருளை யார் வாங்குவா? சரியாகலைன்னா டெஸ்டிங்கையே வெளியில கொடுத்துடுவாங்க. உங்க வேலையும் அதோட போயிடும்."

ஒவ்வொரு டெஸ்ட்டின் கடைசியிலும் 'வருகையை ரத்து செய்' பட்டனை அழுத்தச் சொன்னாள். மேலேருந்து மூன்றாவது. ஓடவிட்டாள். கணவர் பெயரில் நாற்பது விடுப்பு விண்ணப்பங்கள் போயின. எதையும் படித்துப் பார்க்காத மேலாளர் நாற்பதையும் திருப்பி அனுப்பினார்: 'தகுந்த காரணம் இல்லை.'

"தம்பி, பட்டனை நகர்த்தினியா?"

"அழகுக்காக ஒண்ணே ஒண்ணு நடுவுல சொருகினேன்க்கா," என்றான் டிசைனர்.

சரி, இடத்தை வைத்துத் தேட வேண்டாம், மேலே எழுதியிருப்பதை வைத்துத் தேடுவோம் என்று, ரத்தை முடித்துவைக்கும் 'உறுதி செய்' பட்டனைப் பிடித்தாள். அந்தத் திரையில் இரண்டு 'உறுதி செய்' இருந்தன. டெஸ்ட்டு இன்னொன்றை அழுத்தியது.

மனிதவள அதிகாரி ஓடிவந்தார். "முழு வருகை விருதுக்கு அவர் பேர் போயிருக்கும்மா! பார்த்தா தகுதியும் இருக்கு. ஒரு நாள்கூட தாமதமில்ல!"

"உயிரோட இருந்தப்போ ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லையே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அதிகாரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதன் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்தாள். ஒரு திரைக்கு ஒரு கிளாஸ். பட்டனைத் தேடும் வேலையெல்லாம் அதற்குள்ளே. கணவரின் எண்ணை எடுத்துவிட்டு, இல்லாத ஊழியர் ஒருவரை உருவாக்கி வைத்தாள். மூன்று நாள் ஆயிற்று.

"தம்பி, இப்போ நகர்த்து பார்க்கலாம்."

அவன் ஆசைதீர நகர்த்தினான். அவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள். நாற்பது டெஸ்ட்டும் தேறிப் பச்சையாயின. கணவரின் காலி நாற்காலியைப் பார்த்து, "எழுதிட்டேங்க," என்றாள். மனசு நிறைந்திருந்தது.

இருந்தாலும் வியாழன் மாலை, டெஸ்ட் ஓடும் கணினியின் பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளருக்கு எதிரே பெரிய திரையில் அன்றைய பட்டியலைத் திறந்தார் மேலாளர். கணவர் பெயர். எட்டு ஐம்பத்திரண்டு. வந்துவிட்டார்.

"மேடம்!" என்றார் மேலாளர்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேனே சார்..." என்றாள் அவள்.

வாடிக்கையாளர் பையை மூடத் தொடங்கினார். தண்ணீர் பாட்டில்களை வைக்க வந்த வாசல் காவலர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மிஷின் மேல தப்பில்லைங்க சார். மேடம் தினமும் வாசல்ல தேய்க்கிறது அவங்க வீட்டுக்காரர் அட்டையை. கேட்க மனசு வரல. அவங்க வருகையை எட்டு மாசமா நான்தான் கையால போட்டுட்டு வர்றேன்."