மூன்று அப்ரண்டிஸ்

மணல் லாரி டிரைவர் கொண்டுவந்து கொடுத்த சீட்டைச் சந்திரமௌலி மூன்றாவது முறையாகப் படித்தான்.

"இன்று பதினொரு மணிக்கு அப்ரண்டிஸ் விஷயமாக ஆபீசர் வருகிறார். முதலாளி ஊரில் இல்லை. நீங்கள் கூடவே இருந்து நல்லபடியாக முடித்துக் கொடுக்கவும். எக்காரணம் கொண்டும் சைட்டை விட்டு நகர வேண்டாம். இனாயத்."

இனாயத் தியாகராய நகர் ஆபீசில் குமாஸ்தா. காகிதத்தை வீணாக்காதவர். மேற்கொண்டு விவரம் கேட்கலாம் என்றால் சைட்டில் டெலிபோன் கிடையாது. முதலாளி அய்யாதுரை மச்சினன் வீட்டு விசேஷத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார். மணி ஒன்பதரை.

சைட் என்பது அடையாறில் எழும்பிக்கொண்டிருந்த அரசாங்க ஊழியர் குடியிருப்பு. சந்திரமௌலி அங்கே பத்து மாதமாக சைட் எஞ்சினியர். டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை. முதலாளியே அவனை எல்லோர் முன்னாலும் "நம்ம எஞ்சினியர்" என்றுதான் சொல்வார். வேலை நிரந்தரம் என்று ஒரு லெட்டர் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. "இந்த பில்டிங்கில ஆபீசர் யாரும் ஒரு குறை எழுதாம இருக்கட்டும் தம்பி. லெட்டர் தானா வரும்" என்று சொல்லியிருந்தார்.

அந்த லெட்டருக்காக அவனைவிட ஆவலோடு காத்திருந்தவர் லஸ்ஸில் ஒருவர் இருந்தார். ஜானகியின் அப்பா. நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை.

"மாப்பிள்ளை பேருக்குக் கீழே சைட் எஞ்சினியர்னு போடணும். லெட்டரைப் பாத்துட்டுப் போட்டுடலாம். நான் அவசரப்படுத்தறேன்னு நெனச்சுக்காதேங்கோ" என்று வாராவாரம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

சந்திரமௌலி தகரக் கொட்டகைக்குள் போய் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் புரட்டினான். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. அரசாங்க வேலை எடுக்கும் காண்ட்ராக்டர், தொழில் பழக வரும் அப்ரண்டிஸ்களை வைத்துக்கொண்டு பயிற்சி தர வேண்டும். எத்தனை பேர் என்பது இலாகாவின் உத்தரவுப்படி. அந்த உத்தரவு தியாகராய நகரில் பீரோவில் இருக்கும். சாவி தூத்துக்குடியில் இருக்கும்.

அவன் கணக்கில் கெட்டிக்காரன். கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை. தொழிலுக்கு ஒருவர் என்று வைத்தாலும் மூன்று பேர். பென்சிலால் 3 என்று எழுதி வட்டம் போட்டான். பிறகு வெளியே வந்து சைட்டைப் பார்த்தான். இந்தப் பத்து மாதத்தில் ஒரு அப்ரண்டிஸைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை.

இளவட்டமாக மூன்று பேரைப் பிடித்து நிறுத்திவிட்டால் போதும் என்று முதலில் தோன்றியது. அன்றைக்கு முகூர்த்த நாள். கொத்தனார் ஒருவனுக்கு வடபழனி கோயிலில் கல்யாணம். இளவட்டமெல்லாம் விடியற்காலையிலேயே அங்கே போய்விட்டது. கல்யாணச் சாப்பாட்டைவிட முழங்கால் வலியைப் பெரிதாக நினைக்கிறவர்கள் மட்டும் வேலைக்கு வந்திருந்தார்கள்.

தச்சன் மண்ணாங்கட்டிக்கு நாற்பது இருக்கும். குழாய் வேலை செய்யும் வலியுல்லாவுக்குத் தலையில் முடி கிடையாது. தலைமைக் கொத்தனார் வடிவேலுவுக்கு ஐம்பத்திரண்டு.

மண்ணாங்கட்டி உடனே ஒப்புக்கொண்டான். வலியுல்லா, "சும்மா நின்னா போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். வடிவேலுதான் கொத்துக் கரண்டியைக் கலவைச் சட்டிக்குள் எறிந்தார்.

"இன்னா சார் சொல்றே? நான் அப்ரண்டிஸா? முப்பது வருசமா கரண்டி புடிச்சிகினு கீறேன். நான் கட்டின சுவத்துல பாதி மெட்ராஸ் குடியிருக்குது. எம் மாப்ளைக்குத் தெரிஞ்சா மானம் பூடும்."

"ஒரு மணி நேரந்தான், வடிவேலு."

"ஒரு நிமிசம்கூட முடியாது."

சந்திரமௌலிக்குப் பொய் சொல்லவும் வராது, கெஞ்சவும் வராது. உண்மையைச் சொன்னான். ஆபீசர் குறை எழுதினால் லெட்டர் கிடையாது. லெட்டர் இல்லையென்றால் கல்யாணம் கிடையாது.

வடிவேலு சட்டியிலிருந்து கரண்டியை எடுத்துத் துடைத்தார்.

"பொண்ணு பேரு இன்னா?"

"ஜானகி."

"பாட்டு கீட்டு பாடுமா?"

"பாடும்."

வடிவேலு தலை முண்டாசை அவிழ்த்து உதறினார். "சரி சார். மீசைதான் வெளுத்துக் கீது. அதுக்கு இன்னா பண்ணப் போறே?"

அதற்குச் சந்திரமௌலியின் ஷூ பாலிஷ் பயன்பட்டது. வலியுல்லாவின் தலைக்கு வாட்ச்மேனின் குல்லாய் போட்டார்கள். மண்ணாங்கட்டிக்கு ஒன்றும் செய்யத் தோன்றாமல் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டார்கள்.

அப்புறந்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கொத்தனாரே அப்ரண்டிஸ் ஆகிவிட்டால் சுவரை யார் கட்டுவது? கொத்தனார் இல்லாத இடத்தில் அப்ரண்டிஸ் யாரிடம் தொழில் பழகுவான்?

கலவைச் சட்டியோடு நின்ற சித்தாள் தங்கபுஷ்பம் சொன்னாள்: "நான் கட்டறேன் சார்."

"நீயா?"

"பதினஞ்சு வருசமா இவரு கட்டறதைப் பாத்துகினு நிக்கறேன். இவரு திட்டறதையும் கேட்டுகினு நிக்கறேன். ரெண்டும் எனக்கு வரும்."

வேறு வழியில்லை. தங்கபுஷ்பம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். மட்டம் பார்க்கும் நூலைக் கட்டினாள். கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கீழே பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"யோவ் வடிவேலு, கல்லு எங்கய்யா? நனைச்சு எடுத்தாய்யா, சாமியார் மாதிரி நிக்கிறே!"

"ஒரு மணி நேரந்தாண்டி. அப்பால நீ எறங்கி வந்துதான் ஆகணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே வடிவேலு கல் சுமந்தார்.

பத்தே முக்காலுக்கே ஜீப் வந்துவிட்டது. ஆபீசர் சண்முகசுந்தரம் மெலிந்த மனிதர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களுக்கே உரிய பொறுமை முகத்தில் தெரிந்தது. பின்னால் ஃபைலைச் சுமந்துகொண்டு பியூன் சங்கரன் வந்தான்.

"நீங்கதானே சந்திரமௌலி?"

"ஆமாம் சார்." இலாகாவரைக்கும் தன் பெயர் தெரிந்திருப்பது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நல்லது. பார்க்கலாமா?"

சந்திரமௌலி மூவரையும் வரிசையாக நிறுத்தினான். "இவங்கதான் சார் அப்ரண்டிஸ்."

ஆபீசர் குல்லாயைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். "இவங்களுமா?" என்றார்.

"ஆமாம் சார்."

"உங்க முதலாளி தாராள மனசுக்காரர்." வடிவேலுவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வயசு?"

இருபத்திரண்டு என்று சொல்லச் சொல்லித்தான் பாடம் நடந்திருந்தது.

"இருவத்திரெண்டு சார்" என்ற வடிவேலுவுக்கு, சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. "எம் பொண்ணுக்கு" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலிஷ் உருகி அவருடைய உதட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஆபீசர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"தொழில் எப்படிப் பழகறாங்கன்னு நான் காட்டறேன் சார்" என்று சந்திரமௌலி அவசரமாக முன்னால் வந்தான்.

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க சொல்லுங்க. செங்கல்லை ஏன் நனைச்சுக் கட்டணும்?"

"காஞ்ச கல்லு கலவையில இருக்கற தண்ணியை உறிஞ்சிடும் சார். பிடிப்பு இருக்காது."

"சரி. தளம் போட்டப்புறம் எத்தனை நாள் தண்ணி கட்டி வைக்கணும்?"

அதையும் சொன்னான். ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரத்துக்கு எத்தனை கம்பி, எந்தப் பக்கம் என்றும் சொன்னான். கேள்விகள் எல்லாம் தன்னையே நோக்கி வருவது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. மற்ற மூவரும் வாயைத் திறக்காதவரைக்கும் பிழைத்தான்.

"படிச்சது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் ஆபீசர். "இப்ப நீங்களே நாலு கல்லு வெச்சுக் காட்டுங்களேன்."

"நானா சார்?"

"நீங்கதான்."

சொல்லிக் கொடுக்கிறவனையே சோதிக்கிறார் என்று சந்திரமௌலிக்குப் புரிந்தது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்து மாதத்தில் ஆயிரக்கணக்கான கல்லை எண்ணியிருக்கிறானே தவிர, ஒன்றையும் தொட்டதில்லை.

சாரத்தில் ஏறினான். தங்கபுஷ்பம் கரண்டியைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள். முதல் கல்லை வைத்தான். கலவை பாதி சுவரிலும் பாதி பேண்ட்டிலும் விழுந்தது. இரண்டாவது கல் முதல் கல்லைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது வைத்தபோது நூலே அறுந்தது.

வடிவேலு அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். நூல் அறுந்த சத்தத்துக்குத் திறந்துவிட்டார்.

"அட, நவுரு நைனா! கல்லைப் புடிக்கச் சொன்னா பூனையப் புடிக்கிற மாதிரி புடிக்கிறியே!"

ஒரே தாவலில் சாரத்தில் ஏறி, கரண்டியைப் பிடுங்கி, மூன்று கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஐந்து கல்லை வைத்தார். தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். குண்டு அசையாமல் சுவரோடு ஒட்டி நின்றது.

கீழே மண்ணாங்கட்டி மெல்லத் தன் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டான்.

"நீங்க இவருக்குச் சொல்லிக் குடுக்கறதுண்டா?" என்று ஆபீசர் வடிவேலுவைக் கேட்டார்.

வடிவேலு எல்லாவற்றையும் மறந்திருந்தார். "பத்து மாசமா சொல்லிகினு கீறேன் சார், கொஞ்சம் கரண்டியத் தொடுன்னு. எங்கத் தொடறாரு! நோட்டும் பென்சிலுமாத் திரியறாரு. ஆனா நல்ல புள்ளை சார். கம்பிக் கணக்குல ஒரு தப்பு வராது. எங்களை ஒரு வார்த்தை கடுசாப் பேசினது கெடையாது. கையிலதான் இன்னும் தொழில் வரலை."

சந்திரமௌலி சாரத்திலிருந்து இறங்கினான். அப்ரண்டிஸ் நின்றுகொண்டு எஞ்சினியரைப் பற்றிச் சாட்சி சொல்கிறான். பத்திரிகை அச்சாகாது. ஜானகியின் அப்பா அடுத்த வாரம் அவசரப்படுத்தக்கூட மாட்டார்.

ஆபீசர் குறித்துக்கொண்டார். பிறகு சந்திரமௌலியைத் தனியே அழைத்துப் போனார். குரல் இன்னும் மென்மையாகியிருந்தது.

"இங்க கஷ்டம் ஏதாவது உண்டா? சாப்பாட்டு நேரம், லீவு, எல்லாம் ஒழுங்கா? கூச்சப்படாமச் சொல்லணும்."

"ஒரு குறையும் இல்லை சார். வீட்டுப் பிள்ளைங்க மாதிரிப் பாத்துக்கறோம்" என்று வடிவேலுவின் பக்கம் கையைக் காட்டினான். வீட்டுப் பிள்ளை சாரத்தில் நின்று தங்கபுஷ்பத்திடம் கரண்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் பெரியவரை விட்டுடாதீங்க" என்றார் ஆபீசர். "புஸ்தகத்துல இல்லாதது அவர் கையில இருக்கு."

"ஆகட்டும் சார்."

கொட்டகையில் உட்கார்ந்து ஆபீசர் பாரத்தை நிரப்பினார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும் சந்திரமௌலியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஜீப்புக்கு நடந்தார். சங்கரன் பாரத்தை மேஜைமேல் வைத்து, "கையெழுத்துப் போட்டுட்டா நாங்க கெளம்பிடுவோம் சார்" என்றான்.

சந்திரமௌலி பயந்துகொண்டே கடைசி வரிகளைப் படித்தான். "பயிற்சி திருப்திகரம். கைவேலை போதாது. மேலும் ஓராண்டு நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன்."

திருப்திகரம்! அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தான். வடிவேலுவுக்குக் கைவேலை போதாதாம். அதை அவரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. இன்னொரு வருஷம் மூன்று பேரையும் வைத்துச் சமாளிப்பது முதலாளி பாடு. தூத்துக்குடியிலிருந்து வந்ததும் லெட்டரை நீட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை லஸ்ஸுக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

பேனாவைத் திறந்து, பாரத்தின் மேல்பக்கத்தில் இருந்த கட்டத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். அதன் கீழே "சைட் எ" என்று ஆரம்பித்தான்.

"ஐயோ சார், அது முதலாளி கையெழுத்துப் போடற எடம்" என்று சங்கரன் பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, அடியில் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தான். "நீங்க இங்க போடுங்க. இந்த சைட்டுல அப்ரண்டிஸ்னு எங்க லிஸ்ட்டுல இருக்கறது ஒரே பேருதான், சந்திரமௌலின்னு. அது நீங்கதானே?"