வில்லனுக்கு என்ன முகம்?

“தழும்பு வேண்டாம்ணே,” என்றார் இயக்குநர்.

பத்து நாள் சண்டைப் பயிற்சி முடிந்து அன்றுதான் முதல் படப்பிடிப்பு. ஒப்பனைக்காரர் அப்போதுதான் வில்லன் நடிகரின் கன்னத்தில் பாதித் தழும்பை ஒட்டியிருந்தார். மீதிப் பாதி பசையோடு விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையால் உருவாகாத அயோக்கியன் கிடையாது. தழும்பு இல்லாத வில்லனா? உப்புக் கடைக்காரனிடம் போய் உப்பு ஆகாது என்றால் அவன் எதைத்தான் விற்பான்?

“அது இல்லாம எப்படி மேடம் கெட்டவன்னு தெரியும்?”

“நம்ம லைட்மேன் கன்னத்தைப் பாருங்க. சின்ன வயசுல வெந்நீர் கொட்டினது. அவர் எத்தனை பேரைக் கடத்தியிருக்காரு?”

ஏணி உச்சியிலிருந்து லைட்மேன், “இதுவரைக்கும் யாரையும் இல்ல மேடம்,” என்றார்.

ஒப்பனைக்காரர் தழும்பை உரித்தார். பேரத்தில் ஒரு படி இறங்குவது தோல்வி ஆகாது. “அப்ப நடையில கொஞ்சம் நெளிவு வெப்போம். லேசா பொம்பளைத்தனமா.”

“பொம்பளையா இருக்கிறது குத்தமாண்ணே?”

கேட்பவரும் ஒரு பெண் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“சேச்சே. சரி, நடை நடையாவே இருக்கட்டும். கொஞ்சமா கறுப்பு மட்டும் பூசிக்கிறேன்.”

இயக்குநர் ஒப்பனைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து, திறந்திருந்த கறுப்புப் பூச்சு டப்பாவின் பக்கத்தில் வைத்தார். கைக்கும் டப்பாவுக்கும் கடுகளவும் வித்தியாசம் இல்லை.

“இது யாரோட நிறம்?”

“எங்க அப்பா நிறம்.”

“அப்பா கெட்டவரா?”

“தங்கமானவர். கொஞ்சம் குறட்டை விடுவாரு, அவ்வளவுதான்.”

“என் போன படத்தைப் பார்த்துட்டு ஒரு ஸ்கூல் பொண்ணு கடிதம் எழுதியிருந்தா. ‘என் நிறத்துல நல்லவங்களே கிடையாதா’ன்னு. அதுக்கு இன்னும் நான் பதில் போடல. இந்தப் படத்துல முகத்தை வெச்சு யாரும் வில்லனைக் கண்டுபிடிக்கக் கூடாது.”

டப்பாவை மூடினார் ஒப்பனைக்காரர். வேறு வழியில்லை. இந்தப் படத்தில்தான் முதல்முறையாகத் திரையில் அவர் பெயர் தனியாக வரப்போகிறது. அவர் மனைவி அதைத் தன் அண்ணன்மார் மூன்று பேருக்கும் சொல்லி முடித்து, இப்போது அண்ணிமார்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சோதிச்சுப் பார்த்துடலாம். கதை தெரியாத ஆள் யாராவது வேணுமே,” என்றார் இயக்குநர். தன் படத்தில் எந்தப் பெண்ணும் தட்டு ஏந்தி வரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தவர் அவர். சுற்றிலும் பார்த்துவிட்டு, “டீ அக்காவைக் கூப்பிடுங்க,” என்றார்.

அக்கா தட்டோடு வந்தார்.

கதாநாயகரையும் வில்லன் நடிகரையும் அருகருகே நிறுத்தினார்கள். “அக்கா, இவங்க ரெண்டு பேர்ல கெட்டவர் யாரு? மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

அக்கா யோசிக்கவே இல்லை. “இவருதான்,” என்று கதாநாயகரைக் காட்டினார்.

இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பார்த்தீங்களாண்ணே? பழைய கணக்கெல்லாம் தப்பாப் போச்சு.”

கதாநாயகருக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கு கிடைக்கவில்லை. ஒப்பனைக்காரரைத் தனியே ஓரங்கட்டினார். “சாயந்திரம் என் க்ளோசப். அதுக்குள்ள அந்தம்மா விரல் என் பக்கம் திரும்பக் கூடாது. திரும்புச்சுன்னா நாளைக்கு வேற மேக்கப்மேன் வருவான்.”

மத்தளத்துக்காவது இரண்டு பக்கமும் அடிப்பது ஒரே ஆள். இங்கே ஆளும் இரண்டு.

முதலில் கதாநாயகரின் மீசையில் கை வைத்தார். முறுக்கைக் குறைத்ததில் இடப்பக்கம் ஒரு நூல் கூடிப்போனது. இடதைச் சரிசெய்தார், வலது நீண்டது. வலதைச் சரிசெய்தார். கடைசியில் நீதி இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கிடைத்தபோது மீசை என்று ஒன்று மிச்சமில்லை.

“இவருதான். இப்ப இன்னும் பளிச்சுன்னு தெரியுது,” என்றார் அக்கா.

அடுத்து, கதாநாயகரின் முகத்தில் இரண்டு கோட்டிங் வெள்ளைப் பூச்சு ஏறியது. பார்த்தால் பால்காரரே கும்பிடுவார். இயக்குநர் ஒரே பார்வைதான் பார்த்தார்.

“வெள்ளையா இருந்தா நல்லவராண்ணே? விஷம் அதேதான், பாட்டில்தான் வேற. கழுவுங்க.”

தேய்த்துக் கழுவியதில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது. மறுபடி அக்கா வந்தார்.

“இவருதான். கோபம் வேற வந்திருக்கு.”

மணி நாலு. மனைவி போன் செய்து, “பெரிய எழுத்துல வருமா, சின்ன எழுத்துல வருமான்னு அண்ணன் கேட்கிறாரு,” என்றார்.

“வருமான்னே நான் கேட்டுக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசு.”

அந்தப் பதற்றத்தில்தான் அவர் தப்புக் காரியத்தில் இறங்கினார். வில்லன் நடிகரை வண்டிக்குப் பின்னால் அழைத்துப்போய், காதோரம் விரற்கடை அளவில் யார் கண்ணுக்கும் படாத மாதிரி ஒட்ட ஒரு தழும்பை எடுத்தார்.

“ஒட்டுங்கண்ணே, எனக்குப் பழக்கம்தான்,” என்றார் அவர் கழுத்தைச் சாய்த்து. “இந்தத் தடவை என் பொண்ணைப் படம் பார்க்கக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். பரவாயில்ல, அடுத்த படம் இருக்கே.”

ஒப்பனைக்காரர் ஒரு தடவை தழும்பைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். ஆனாலும் ஒட்டினார். அண்ணிமார்கள் மொத்தம் மூன்று பேர் ஆயிற்றே.

இருவரும் வெளிச்சத்துக்கு வந்ததும் ஏணி உச்சியிலிருந்து குரல் வந்தது. “மேடம், என் கன்னம் கீழே நடமாடுது.”

இயக்குநர் இடுப்பில் கை வைத்தார். “அண்ணே, உங்களுக்கு இதுதான் கடைசி.”

அக்காவின் தீர்ப்பில் அந்தத் தழும்பாலும் ஒரு மாற்றமும் இல்லை. விரல் கதாநாயகரிடமே போய் நின்றது.

கடைசி ஆயுதமாக, எல்லாம் தலைகீழாகப் போவதால் தலைகீழாகவே செய்வோம் என்று சட்டையை மாற்றினார். வில்லனின் கறுப்புக் கோட்டு கதாநாயகருக்கு வந்தது, கதாநாயகரின் வெளிர்நீலச் சட்டை வில்லன் நடிகருக்குப் போனது. அவர் போட்டால் பட்டன் தெறிக்கும் என்று தெரிந்ததும் சட்டை மறுபடி கதாநாயகரிடமே வந்தது. கதாநாயகரின் கையில் ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்தார். அது அவரைக் கீறிவிட்டு வில்லன் நடிகரின் தோளில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அக்கா இந்த முறை தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. மோவாயை மட்டும் கதாநாயகர் பக்கம் தூக்கிக் காட்டினார்.

“ஒண்ணு நான், இல்ல இந்த மேக்கப்மேன்,” என்றார் கதாநாயகர்.

“ஒட்டுத் தழும்பு போட்டவரை நானும் வெச்சுக்கிறதா இல்ல,” என்றார் இயக்குநர். காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் ஒத்துப்போனார்கள்.

ஒப்பனைக்காரர் பஞ்சை எடுத்துக்கொண்டு அக்காவின் முன் போய் நின்றார். “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நெத்தியா, புருவமா, மூக்கா? அந்த முகத்துல எதை வெச்சுச் சொல்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதைத் துடைச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

அக்கா அவரையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முகத்தை யாரு சார் பார்த்தா? ரெண்டு பேர்ல கெட்டவர் யாருன்னு கேட்டீங்க. பத்து நாளா ரெண்டு பேருக்கும் டீ குடுக்கிறவ நானு.”