பட்டை போட்ட மீனும் கௌராமியின் மீசையும்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

சௌபாக்கியவதி கீதாஞ்சலிக்கு உன் மாமியார் ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் நலம். நீயும் கலையரசனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

"இனிமே தனியா இருக்க வேணாம் அத்தை, எங்களோடவே வந்துடுங்க" என்று போனில் கூப்பிட்டாய். போனில் பதில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் வரவில்லையம்மா. காரணம் மீன்.

எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நீ வைத்துவிட்டுப் போன தொட்டியில் அந்த நீலக் கௌராமி மீன் ஒண்டியாக இருந்தது. மீசை மாதிரி இரண்டு நீளக் கம்பி, அதால் எதையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். நான் சாமிப் பாட்டு பாடினால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதற்கு ஒரு கூட்டு தேடி செங்கம் ரோட்டில் ஜுபைரின் வண்ண மீன் கடைக்குப் போனேன். "சைவமா ஒரு மீனு குடுப்பா" என்றேன். "மீன்ல சைவம் கம்மிம்மா. குணம் பாத்து எடுங்க" என்றான். நான் எங்கே கேட்டேன்? ஆறு டைகர் பார்ப், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக! திருநீறு பூசின குடும்பம், இதைவிட நல்ல சம்பந்தம் ஏது என்று அள்ளிக்கொண்டு வந்தேன். பட்டை கறுப்பாக இருந்ததையாவது யோசித்திருக்கலாம். நேற்று பௌர்ணமி, எனக்கு விரதம், அதனால் தொட்டிக்கும் விரதம். கிரிவலம் முடித்துக் கால் வீங்கி வந்து பார்த்தால் கௌராமிக்கு ஒரு பக்க மீசையே இல்லை! பாவம், அது மூச்சு வாங்க மேலே வருகிறது, ஆறும் துரத்துகின்றன, போய் இலைக்கடியில் ஒளிகிறது. விடிந்ததும் ஜுபைரிடம் ஓடினேன்.

"பட்டினி போட்டது என் தப்பாப்பா?"

"சோறு போட்டாலும் கடிக்கும்மா. நீளமா ஆடுறதப் பாத்தா அதுங்க வாய் சும்மா இருக்காது. மீசை வளந்துடும், அழாதீங்க."

ஆறையும் வாங்கிக்கொண்டு நியான் டெட்ரா, கோரி என்று சாதுவான மீன்களைக் கொடுத்தான். "கௌராமி மேல, நியான் நடுவுல, கோரி தரையில. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போன ஆடியில் உன் வீட்டில் விடியற்காலையில் நான் மிக்ஸி ஓட்டியதும், நீ தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டதும், உன் அஞ்சறைப்பெட்டியை நான் மாற்றி அடுக்கியதும் நினைவுக்கு வந்தன. பால் கணக்கில் சல்லி தப்பாத எனக்கு இந்தக் கணக்கு தெரியவில்லையே. நானும் பட்டை போட்டவள்தான். உனக்கு ஒரு மீசை இருந்திருந்தால் கடித்திருப்பேன். ஆகையால் நான் இங்கேயே இருப்பதுதான் நமக்குள் பிரியம் கெடாமல் இருக்க வழி.

நீ மஞ்சள் குங்குமத்தோடும், இருவரும் சிரிப்போடும் நெடுநாள் வாழ அருணாசலேஸ்வரர் துணையிருக்கட்டும்.

அன்புடன்,
ஆதிலட்சுமி

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது பார்த்தேன். கோரி தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. கௌராமி மெல்ல இறங்கி, மிச்சமிருக்கிற மீசையால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தது. கோரி கடிக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை கலையரசனை வண்டி எடுத்துவரச் சொல், தொட்டியும் வருகிறது. அடுப்படி உன்னுடையது. எனக்குச் சாமி அலமாரிப் பக்கம் ஒரு மூலை போதும். மிக்ஸியை நீ எழுந்தபிறகு நீயே போடு.