கரடி மெலிந்த கதை

ஒரு காட்டில், எதிரே வருகிறவரின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் யாரையும் கடந்து போவதில்லை. "பெருத்துட்டியளே" என்பார்கள். இல்லையென்றால் "மெலிஞ்சுட்டியளே" என்பார்கள். நேற்று இருந்தபடியே ஒருவர் இன்றும் இருந்துவிட்டால், "முகத்துல களையே இல்லையே, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். இதற்கு அங்கே அக்கறை என்று பெயர்.

அந்தக் காட்டில் பூதலிங்கம் என்றொரு கரடி வாழ்ந்துவந்தார். தேன் குடித்தே வளர்ந்த உடம்பு. நாலு பேர் உட்காரும் பாறையில் அவர் உட்கார்ந்தால் மற்ற மூன்று பேரும் நின்றுகொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நாளாக அவருக்கு ஓயாத தாகம். ஓடைக்கும் புதருக்கும் நடந்தே பொழுது போனது. போதாக்குறைக்கு இடது பாதத்தில் முள் குத்திய இடம் ஆறவே மாட்டேன் என்றது. டாக்டர் நாரையிடம் போனார். நாரை ஒற்றைக் காலில் நின்றபடியே ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சுகர்" என்றது.

"பயப்படாதீங்க. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க. முதல்ல கொஞ்ச நாள் வயிறு கடமுடாங்கும். பசி மட்டுப்படும். ரெண்டு மூணு கிலோ குறைஞ்சாலும் குறையும். அதுக்காகக் குடுக்கிற மாத்திரை இல்ல இது, அது கூடவர்ற லாபம். தேனை மறந்துடுங்க, மாத்திரையை மறந்துடாதீங்க. நிறுத்தினா அந்தப் புண்ணு காலையே வாங்கிடும்."

பூதலிங்கத்துக்குக் காலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மகள் மதுரத்துக்கு ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குகையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் உலகம்மாள் பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி, "உங்க வம்சத்துல யாருக்கும் சுகர் கிகர் உண்டா?" என்பதுதான். "எங்க வம்சத்துல தேன் மட்டும்தான் உண்டு மதினி" என்று பூதலிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இனி எப்படி மாற்றிச் சொல்வது?

ஆகவே மாத்திரையை ஒளிந்து ஒளிந்து விழுங்கினார். மாத்திரை தன் வேலையைச் செய்தது. தாகம் அடங்கியது. புண்ணின் ஓரம் காய்ந்தது. வயிறு கடமுடா என்றது. இடுப்பும் லேசாகக் குறைந்தது. லேசாகத்தான். ஆனால் அக்கறையுள்ள காட்டில் லேசு என்று ஒன்று கிடையாது.

ஓடைக்கரையில் உலகம்மாள் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி! என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டிய? உடம்புக்கு ஏதும்...?"

அந்த 'ஏதும்' காதில் விழுந்ததும் பூதலிங்கம் கையை இறக்கி இடுப்பை மறைத்தார். கக்கத்தில் செருகியிருந்த மாத்திரை அட்டை வேறு அந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்தது.

"இதா? இது வந்து... மெலியற மாத்திரை மதினி. கல்யாண போட்டோல நல்லா விழணும்லா, அதுக்காகச் சாப்பிடுதேன்."

சொன்னதும் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. சம்பந்தமும் பிழைத்தது, கௌரவமும் பிழைத்தது.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் பொய் காடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் கீரியின் மருந்துக்கடை வாசலில் வரிசை. காட்டெருமை நின்றது. பன்றி குடும்பத்தோடு நின்றது. யானை நின்றதால், அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியவில்லை. மான்கூட நின்றது. "உனக்கு எதுக்கு?" என்று கேட்டதற்கு, "குறையறதுக்கு இல்ல, கூடாம இருக்கறதுக்கு" என்றது.

மாத்திரை எல்லாருக்கும் முதலில் கொடுத்தது வயிற்றுப்போக்கைத்தான். யானைக்குப் போனபோது ஓடையின் கீழ்ப்பக்கம் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். கடைசியில் எடை போட்டுப் பார்த்தால் யானைக்கு மூன்று கிலோ குறைந்திருந்தது. அந்த மூன்று கிலோ எங்கே குறைந்தது என்று யானைக்கே தெரியவில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் பக்கவாட்டில் நின்று ஒரு படம் போட்டது. காடே வாழ்த்தியது.

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் எல்லாருக்கும் புத்தி வந்து கதை முடிய வேண்டும். புத்தி வரவில்லை. வரிசைதான் நீண்டது.

பூதலிங்கத்தின் அட்டை தீர்ந்து அவர் கடைக்குப் போனபோது கீரி கையை விரித்தது. "இப்பதான் கடைசி அட்டை போச்சு அண்ணாச்சி."

"எனக்குக் கண்டிப்பா வேணும்ப்பா."

"எல்லாருக்கும்தான் கண்டிப்பா வேணும். நீங்கதான் நல்லா மெலிஞ்சாச்சே, மத்தவங்களும் கொஞ்சம் மெலியட்டும்."

'எனக்குச் சுகர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கடைசி அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் உலகம்மாள். பூதலிங்கம் மாத்திரைக்குப் பதிலாக அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு திரும்பினார். நாரையிடம் போனால், "சீட்டு எழுதித் தரலாம். மாத்திரையை நான் முட்டையா போட்டுத் தர முடியுமா?" என்றது.

மதுரம் அப்பாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். புண் மறுபடி வாயைத் திறந்திருந்தது. "எப்பா, நான் போயி அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லுதேன். கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போகட்டும்."

"பேசாம இரு. தாலி ஏறுற வரைக்கும் கால் தாங்கும்." அதைச் சொல்லும்போது அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

மாத்திரை நின்ற பிறகுதான் அவர் நிஜமாக மெலிய ஆரம்பித்தார். கட்டுக்கு அடங்காத சர்க்கரை உடம்பை உள்ளேயிருந்து கரைத்தது. தொடை வற்றியது. தோள் சரிந்தது. ரோமம் இரவல் கம்பளிபோலத் தொங்கியது. "மாத்திரைன்னா இதுல்ல மாத்திரை!" என்று காடு வியந்தது. கீரி அவருடைய படத்தைக் கடை வாசலில் ஒட்டியது. வரிசை ஓடையைத் தாண்டியது. எத்தனை சரக்கு வந்தாலும் பூதலிங்கத்தின் முறை வருவதற்குள் தீர்ந்தது.

கல்யாணம் நடந்தது. பூதலிங்கம் ஒரு காலை ஊன்ற முடியாமல் பந்தக்காலைப் பிடித்தபடி நின்று, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

பந்தியில் அவரும் உலகம்மாளும் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வரை சாப்பிட்டு முடித்த உலகம்மாள், ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, இப்ப நாம ஒரே குடும்பம். உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எனக்கு ரொம்ப வருஷமா சுகர். பையன் கல்யாணம் வரைக்கும் வெளிய தெரியக் கூடாதுன்னு வேத்து மலைக்கு ஆள் விட்டு வாங்கிட்டிருந்தேன். நீங்க இதை மெலியற மாத்திரைன்னு சொன்னிய பாருங்க, அன்னையிலேருந்து நம்ம கடையிலயே தைரியமா நின்னு வாங்குதேன். நீங்க நல்லா இருக்கணும்."

பூதலிங்கத்துக்குப் பெரிய பாரம் இறங்கியது. அழுகையே வந்துவிட்டது. "மதினி, எனக்கும் அதேதான். எனக்கும் சுகர். அதுல ஒரு மாத்திரை குடுங்க. கால் போயிரும் போல இருக்கு."

உலகம்மாள் இலையை மடக்கினார். எழுந்தார்.

"என்னது, சுகரா? வம்சத்துல சுகரை வச்சுக்கிட்டா எங்க தலையில பொண்ணைக் கட்டுனிய? ஐயோ, ஏமாத்திட்டாரே! எனக்குப் பொறக்கப்போற பேரப்பிள்ளைங்க கதி என்னாகும்?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. "மதினி, உங்களுக்கும்தானே..." என்றார் பூதலிங்கம்.

"எனக்கா? நான் மெலியறதுக்குல்லா சாப்பிடுதேன்! யாரை வேணும்னாலும் கேளுங்க."

காடு முழுக்கத் தலையாட்டியது. யானை முதல் ஆளாக ஆட்டியது. உலகம்மாள் அட்டையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கூச்சலில் பூதலிங்கத்தின் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீதி: பொய் சொல்வதில் தவறில்லை. ஆனால் அடுத்தவருக்கும் உதவுகிற பொய்யைச் சொல்லக் கூடாது.