ஆபீசுக்கு ஆறு கன்டெய்னர் வந்த கதை

வடிவுடையம்மன் துணை

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பவுனம்மாளுக்கு உன் கணவன் தேசப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், மிக்ஸி, கிரைண்டர், உன் தையல் மிஷின் எல்லோரும் சவுக்கியம். அவ்விடம் ஓசூரில் நீயும், மகள் சினேகாவும், மாப்பிள்ளை நிதிஷும், பேரப்பிள்ளையும் சவுக்கியமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போன் போட்டால் முதலில் சினேகா எடுக்கிறாள், பிறகு பேரனிடம் கொடுக்கிறாள், அவன் அதை நக்குகிறான், கடைசியில் நீ வந்து "துன்னியா?" என்கிறாய், நான் "துன்னேன்" என்கிறேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாய். வீடியோவில் பார்த்தாலும் உன் நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும்தான் தெரிகின்றன. பால் பொங்காத ஓர் இடத்தில் உன்னிடம் முழுசாகப் பேசலாமே என்று பேப்பரை எடுத்தேன்.

முக்கியமாக, என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பிரசவத்துக்கென்று போனாய், பேரன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறானாம். போன வாரம் மாப்பிள்ளை பேசினார். தாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போவதால் அத்தை இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். எனக்கென்ன குறை? ஒரு டம்ளர் அரிசி போட்டால் மூன்று வேளைக்கு வருகிறது. டிவி ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கப் போவதில்லை, அது உன் இஷ்டம்.

ஆபீசில்தான் ஒரு கூத்து நடந்துவிட்டது. எங்கள் கன்டெய்னர் யார்டு ஆபீசில் ஒரு ரூம் நிறைய ஆட்கள் இருந்தோமே, எல்லா வேலையும் கம்ப்யூட்டருக்குப் போய், ஆட்களும் கிண்டி ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். மேசை நாற்காலிக்குக் காவலாக உள்ளே நான், கேட்டுக்குக் காவலாக வெளியே சுடலைராஜ். அவன் கேட்டை விட்டு நகரக் கூடாது, நான் ரூமை விட்டு நகரக் கூடாது, அதனால் கண்ணாடி வழியாகக் கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வோம். அப்படி இருக்கும்போது ஹெட் ஆபீசிலிருந்து ஐரீன் மேடம் பேசினார். எல்லா ஆபீசுக்கும் நாற்காலி, ஃபேன், ஸ்கிரீன் துணி பார்க்கிறவர் அவர். கேமராவில் பார்த்தால் நம் ரூம் பேய் பங்களா மாதிரி இருக்கிறதாம், நாலு செடி வைத்தால் உயிர் வருமாம். செடியை நான் தேர்ந்தெடுக்க வேண்டும், கன்டெய்னரை அவர் அனுப்புவார், எதை எங்கே வைப்பது என்று நான் பிளான் போட வேண்டும்.

பவுனு, எனக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கன்டெய்னர் என்றால் டிரைலரில் வருகிற இரும்புப் பெட்டிதான். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டென்று திருவொற்றியூரில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. முறைப்படி கேட்டேன்.

"இருபதா, நாப்பதா மேடம்?"

"நாப்பது ரொம்பப் பெருசு. இருபதே போதும்."

"எம்ட்டியா, லோடா?"

"எம்ட்டிதான். மண்ணு நீங்கதான் போட்டுக்கணும்."

நான் அடிக்கணக்கில் கேட்டிருக்கிறேன், அவர் சென்டிமீட்டரில் பதில் சொல்லியிருக்கிறார். தொட்டி என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும். எத்தனை என்றதற்கு ஆறு என்றார். ஆறு இரும்புப் பெட்டிக்கு இடம் வேண்டுமே என்று சைக்கிள் ஷெட்டைப் பிரித்தேன், பக்கத்து யார்டில் கெஞ்சிக் கூத்தாடி பெட்டி தூக்குகிற வண்டியையும் டிரைவரையும் வரவழைத்தேன், மீஞ்சூர் பக்கம் ஒரு மண் லாரிக்காரரிடம் ஆறு பெட்டி நிறைய செம்மண் வேண்டும் என்றேன், அவர் ஃப்ளாட் கட்டுகிறீர்களா என்று கேட்டார், இல்லை, ஆபீசுக்குள் செடி வைக்கிறோம் என்றேன், "இன்னா செடி சார் அது?" என்றார். முதல் லோடு மண் வந்து வாசலில் கொட்டியாகிவிட்டது. கன்டெய்னர் வருகிற அன்று சுடலைராஜ் இரண்டு கேட்டையும் அகலத் திறந்து, சிவப்புத் துணியோடு ரோட்டில் இறங்கி, எண்ணூர் போகிற டிரைலர்களையெல்லாம் நிறுத்தி வழி பண்ணினான். வந்தது ஒரு குட்டியானை வண்டி. அதிலிருந்து இறங்கியவர் ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே காகிதச் சுருளுக்கு நடுவில் வெள்ளைப் பீங்கான் தொட்டிகள், ஒவ்வொன்றும் நம் வீட்டு இட்லிப் பானையைவிடச் சின்னது. பெட்டி தூக்குகிற வண்டியின் டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இத்த தூக்கவா நைனா என்னிய கூப்ட்ட?" என்றார்.

யார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். அத்தனை பேர் நம் ஆபீஸ் வாசலில் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. அதனால் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டேன். மண் குவியல் இன்னும் வாசலில்தான் இருக்கிறது. ஒரு நாய் அதன்மேல் படுத்துக்கொண்டு யார்டை மேற்பார்வை பார்க்கிறது.

செடி வாங்கக் காலடிப்பேட்டையில் ரோட்டோரம் செடி விற்கிற மலரிடம் போனேன். உனக்குப் பிடிக்குமே என்று ரோஜா கேட்டேன். ஏசி ரூமில் ரோஜா வைத்தால் முள்தான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டு, மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், குட்டி பனை மாதிரி ஒன்று என்று ஆறு செடியை எடுத்து வைத்தாள். லீவு நாளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டாள். நான்தான் என்றேன். "நாயித்துக்கெயமகூட ஆபீசு வருவியா? வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க?" என்றாள். மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

எதை எங்கே வைப்பது என்பது பெரிய பேஜாராகிவிட்டது. ஜன்னலோரம் வைத்தால் டிரைலர் புழுதி படிந்து இலை கறுத்துப் போகிறது. ஏசிக்கு நேரே வைத்தால் நுனி கருகுகிறது. கடைசியில் காலி மேசைகளில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டேன். கிண்டிக்குப் போன கேஷியர் அப்பாவு மேசையில் ஸ்னேக் பிளான்ட். அவரைப் போலவே விறைப்பாக நிற்கிறது, எதுவும் கேட்பதில்லை. பில் போட்ட பூமாரியின் மேசையில் மணி பிளான்ட், அது அவளைப் போலவே அடுத்தவர் மேசைக்கும் கையை நீட்டுகிறது. காசிமேட்டில் சங்கரா மீன் மலிந்து கிடக்கிறது, ஒற்றை ஆளுக்கு வாங்கி என்ன செய்ய என்று ஒருநாள் பூமாரியிடம், அதாவது அந்தச் செடியிடம், சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பேசுவதைக் கேமராவில் பார்த்து உடனே ஐரீன் மேடம் போனில் வந்துவிட்டார், ரூமில் யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறதே, யார் என்று கேட்டார். யாருமில்லை மேடம் என்றேன்.

போன வாரம் இலையெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மலரிடம் ஓடினேன். பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை, நானோ காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஊற்றியிருக்கிறேன். "ஊத்தி ஊத்தியே சாவடிச்சிடுவ போலகீதேண்ணா. அத்த கொஞ்ச நாள் சும்மா வுடு," என்றாள். வேறு வேலை இருந்தால் நான் ஏன் ஊற்றப் போகிறேன். இப்போது தண்ணீர் ஊற்றாமல் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே நீ அங்கேயே நிம்மதியாக இரு. செடிகளை விட்டு என்னாலும் எங்கும் வர முடியாது. பேரன் கன்னத்தில் என் பேரைச் சொல்லி ஒரு கிள்ளு கிள்ளு, வலிக்காமல். சினேகாவும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
தேசப்பன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் சினேகா பேசினாள். "இன்னா ஆளுப்பா நீ? அவரு கேட்டதுக்குத் தாராளமான்னுட்டியாமே. அம்மா அன்னிக்கிப் பூரா சோறு துன்னல. பொங்கலு முடிஞ்சதுலர்ந்து பைய கட்டி வெச்சிகினு கீது. கொண்டாந்து வுட்டவரு வந்து கூப்டாம நானா எப்டிப் போறதுன்னு கேக்குது," என்றாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் பேசிவிட்டார்களாம். பவுனு, உனக்கு அங்கேதான் பிரியம் போலிருக்கிறது, கூப்பிட்டால் மனசு கஷ்டப்படுவாய் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாளைக் காலை ரயிலில் வருகிறேன். செடி எப்படியோ போகட்டும். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசில்லாமல் இதையும் தபாலில் போடுகிறேன். இது வந்து சேர்வதற்குள் நாம் இரண்டு பேரும் இங்கே வந்திருப்போம். சினேகா பிரித்துப் படித்துச் சிரிக்கட்டும். உன்னிடம் நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன், இவ்விடம் நான் சவுக்கியமில்லை என்று.