மூன்று சக்கர வண்டியின் நாலாவது சக்கரம்

ஐந்து கிலோ அரிசிப் பைக்கு ரோஜா நிறக் கவுன் மாட்டி, தொப்பி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று வாங்க அழைத்துப் போனவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மகள் சொல்வாள், அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது என் மகள் கயல்விழிக்கு ஆறு மாதம். நான் புக்கிட் தெங்காவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். (வாளியின் கைப்பிடி கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள்.) நான் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து ஒரு வாளிகூட வெளியே போகாது. வீட்டில் நிலைமை வேறு. என் பிள்ளையை நான் தூக்க வேண்டுமென்றால் முதலில் சோபாவில் உட்கார வேண்டும். மடியில் தலையணை இருக்க வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சாந்தா அக்கா. என் மனைவி கவிதாவின் மூத்த அக்கா. வீடு கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில், வேலை கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். (மூன்றோடு ஏன் நிறுத்தவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும்.) கயல் பிறந்த மறுநாள் மருத்துவமனையில் நான் அவளைத் தூக்கி வைத்திருந்தபோது என் கைப்பேசி அடித்தது. எந்தக் கையால் எடுப்பது என்று எனக்கு ஒரு கணம் குழப்பம். அந்த ஒரு கணத்தை அக்கா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஆறு மாதம் நான் தலையணை அப்பா.

அதனால்தான், "பாப்பாவுக்கு ஸ்ட்ரோலர் வாங்கணும், நீங்களே பாருங்க" என்று கவிதா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. அன்றிரவே உட்கார்ந்து இருபத்தொரு அம்சங்கள் கொண்ட பரிசோதனைப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்தேன். அதில் கடைசி அம்சம், 'தாயின் முகபாவம்'.

எங்கள் ஊரான ஜார்ஜ் டவுனில் பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்குகிறவர் கடைவரிசைக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும். பெயர்தான் நடைபாதை. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் இரண்டு மோட்டார் சைக்கிள், நான்கு பூத்தொட்டி, ஊதுவத்தி எரியும் சிறு பீடம் ஒன்று, கூண்டில் ஒரு பூனை. மிச்சமிருக்கும் இடத்தில் மனிதர்கள் நடக்கலாம். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நான்கு சக்கர வண்டி ஒன்றை வெளியே தள்ளிப் பார்த்தேன். முதல் பூத்தொட்டியிலேயே சிக்கிக்கொண்டது. மூன்று சக்கர வண்டியை எடுத்தேன். முன்னால் ஒற்றைச் சக்கரம். ஒரு விரலால் திருப்பினால் போதும், தொட்டியைச் சுற்றி, பூனையைச் சுற்றி, பீடத்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி, திரும்பி என்னிடமே வந்தது. நான் அசந்து போனேன்.

கடைக்காரச் சீன அம்மாள் நல்லவர். வீட்டில் காட்டிப் பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொண்டுவரலாம், நான்கு சக்கர வண்டியாக மாற்றித் தருகிறேன், கீறல் மட்டும் இருக்கக் கூடாது என்றார். கீறலா, என் கையிலா என்று சிரித்தேன்.

சாந்தா அக்கா சனிக்கிழமை ஃபெரியில் வந்து இறங்கினார். வண்டியைப் பார்த்தார். சக்கரங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"என்னா தம்பி இது, மூணு?"

அக்காவுக்கு மூன்று ஆகாது. தட்டில் மூன்று இட்லி வைக்க மாட்டார். இரண்டு வைப்பார், இல்லை நான்கு வைப்பார். பசிக்குச் சரியாக மூன்று வேண்டுமென்றால் மூன்றோடு ஒரு துண்டைக் கிள்ளி வைப்பார். மூன்று பேராக நல்ல காரியத்துக்குக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கூழாங்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதை நாலாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

"அக்கா, மூணு சக்கரம்னா நல்லா திரும்பும்க்கா."

"திரும்பும் லா. எங்க திரும்பும்னு யாருக்குத் தெரியும்? பச்சப்புள்ளைய முதமுதல்ல உக்கார வைக்கிற வண்டி. ரோட்டுல ஓடுற காடிக்கு நாலு, மாட்டு வண்டிக்கு ரெண்டு. மூணு யாரு வெச்சா?"

கவிதா என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், துணி மடிக்கப் போய்விட்டாள். அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தன் பையன்கள் எப்போதோ விளையாடி உடைத்த பொம்மை லாரியின் சிவப்புச் சக்கரம் ஒன்றைத் தன் கைப்பையிலிருந்து எடுத்தார். (அது ஏன் அங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. கூழாங்கல்லுக்குப் பதிலாக இருக்கும்.) மஞ்சள் நூலில் கோத்து, வண்டியின் பின்பக்கக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

"இப்ப நாலு" என்றார். "நாளைக்குக் காலைல நீங்க முன்னாடி பூங்காவுக்குப் போயி ஓட்டிப் பாருங்க. நாங்க கோயிலுக்குப் போயிட்டு அங்க வர்றோம். நான் பாத்து, எல்லாம் சரியா இருந்தா, பாப்பாவ உக்கார வெச்சு நீங்க தனியா ஒரு சுத்து தள்ளிக்கிட்டுப் போங்க."

தனியாக. தலையணை இல்லாமல், பக்கத்தில் ஆள் நிற்காமல், நானும் என் மகளும் மட்டும். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்மலைப் பூங்காவுக்குப் போய்விட்டேன். காலி வண்டியைத் தள்ளிப் பார்ப்பது பரிசோதனையே ஆகாது என்பது என் தொழில் தர்மம். பிள்ளை ஏழு கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பை உடம்பு, இரண்டு கிலோ கோதுமை மாவுப் பை தலை. வார் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமே என்று, கொடியில் காய்ந்த கயலின் கவுனை யாருக்கும் சொல்லாமல் எடுத்து வந்து அதற்கு மாட்டினேன். அக்கா தன் கையால் தைத்துக் கொடுத்த கவுன் அது. தொப்பியையும் வைத்து, வாரைப் பூட்டி, வண்டியின் குடையை இழுத்துவிட்டேன். பின்னாலிருந்து பார்த்தால் அசல் பிள்ளை. முன்னாலிருந்து பார்த்தாலும் மோசமில்லை.

ஒரு மணி நேரம் தள்ளினேன். மேடு, பள்ளம், சரளைக்கல், மரவேர். வண்டி தங்கம். இரண்டாவது சுற்றில் நான் அரிசிப் பையோடு பேச ஆரம்பித்திருந்தேன். "அங்க பாரு, குரங்கு" என்று காட்டியதாகக்கூட ஞாபகம். எதிரே நடந்து வந்த ஒரு மலாய் அம்மாள், "தூங்குதா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இருபது அம்சங்களுக்கும் டிக் போட்டாகிவிட்டது. சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்த பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு, பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். தாயின் முகபாவம் மட்டும்தான் பாக்கி.

ஒரு விஷயம். பிரேக்கை நான் கடையிலேயே பரிசோதித்து டிக் போட்டிருந்தேன். அக்கா நாலாவது சக்கரத்தைக் கட்டியது அதற்குப் பிறகு. பரிசோதனை முடிந்த பொருளில் யார் கை வைத்தாலும் மறுபடி முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவனே நான்தான். அந்தச் சிவப்புச் சக்கரம் ஆடி ஆடிப் போய்ப் பிரேக் மிதிக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. மிதி பாதிதான் இறங்கியிருக்கிறது. நான் குனிந்து பார்க்கவில்லை.

பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினேன். வண்டி இல்லை.

சரிவில் போய்க்கொண்டிருந்தது. முதலில் மெதுவாக, பிறகு அவ்வளவு மெதுவாக இல்லாமல். பாதை வளைந்த இடத்தில், நான் கடையில் மெச்சிய அதே அழகோடு, தானாக வளைந்தது.

அதே நேரத்தில் பக்கத்துப் படிகளில் ஏறி வந்தார் சாந்தா அக்கா. நெற்றியில் திருநீறு, இடுப்பில் பட்டுப்பாவாடை கட்டிய கயல். அக்கா என்னைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். தான் தைத்த ரோஜா நிறக் கவுன் வண்டியில் உருண்டோடுவதைப் பார்த்தார்.

"ஐயோ, எம்புள்ள."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனியும் கேட்க விரும்பவில்லை. அக்கா இடுப்பிலிருந்ததை எடுத்து, "இந்தாங்க, இதப் புடிங்க" என்று என் நெஞ்சில் திணித்துவிட்டு, செருப்பை உதறிவிட்டுச் சரிவில் ஓடினார்.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டியில் இருந்தது அரிசி என்று அந்தப் பூங்காவில் தெரிந்த ஒரே ஆள் நான். பையின் முடிச்சைப் போட்டவனே நான்தான். ஆனால் அக்கா அலறி, மலாய் அம்மாள் அலறி, தாய் சீ உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சீனப் பெரியவர்கள் மொத்தமாகத் திரும்பி அலறியபோது, எனக்கும் மூளை நின்றுவிட்டது. போச்சு, என் பிள்ளை போச்சு என்றே நம்பிவிட்டேன். கயலை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, பாப்பா" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்தது இல்லை.

கீழே ஒரு சீனப் பெரியவர், எழுபது வயதிருக்கும், கைகளை விரித்துக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தார். வண்டி அவரை உரசிக்கொண்டு, சாக்கடை விளிம்பில் முன்சக்கரம் இடித்து, குப்புறக் கவிழ்ந்தது. தலை கழன்று கல்லில் மோதி வெடித்தது.

வெள்ளையாகப் புகை எழும்பியது. மலாய் அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாவு கொஞ்சம் கொஞ்சமாக அடங்க, உள்ளேயிருந்து புருவம் வெளுத்த அந்தப் பெரியவர் எழுந்தார். உள்ளங்கையில் எதையோ அள்ளிப் பார்த்தார்.

"இனி பெராஸ்" என்றார்.

"அரிசியா?" என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் கவிதா வந்து நின்றிருந்தாள். கையில் ஜாதிக்காய்த் தண்ணீர். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "பாப்பா உங்க கையிலதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். கயல் என் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது, ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவள் விழுந்துவிடுவாளோ என்று பயம்.

அதற்குள் குரங்குகளுக்குச் செய்தி போய்விட்டது. குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி அரிசியைப் பொறுக்கின. பின்னாலேயே வந்த காவலாளி, பிள்ளையை நினைத்தோ பெரியவரை நினைத்தோ பதறவில்லை. 'குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்' என்ற பலகையைத் தட்டிக் காட்டி, படிக்கத் தெரியாதா என்று என்னிடம் கேட்டார். நான் பெரியவரிடம், மலாய் அம்மாளிடம், தாய் சீ குழுவினர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஓர் ஆள்கூடச் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அரிசிக்குக் கவுன் மாட்டிய ஆளிடம் நிஜப் பிள்ளை எப்படி வந்தது என்ற கேள்வி இருந்தது.

சாந்தா அக்கா சரிவேறி வந்தார். வெறுங்கால், தலைமுடியெல்லாம் மாவு. தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நின்றபடி, தலையணை இல்லாமல், என் மகளை நான் தூக்கி வைத்திருந்தேன். பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். நான் கொடுக்கத் தயாரானேன். என்ன நினைத்தாரோ, கைகளைக் கீழே போட்டுக்கொண்டார்.

"பாப்பா முதுகுக்கு ஒரு கை குடுங்க" என்றார். அவ்வளவுதான். செருப்பைத் தேடப் போய்விட்டார்.

மறுநாள் கடைக்கார அம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறலை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும் கேட்டார். இத்தனை கீறலோடு மாற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆகவே மூன்று சக்கர வண்டிதான் எங்களுக்கு அமைந்தது. முன்சக்கரம் அதன் பிறகு எப்போதும் இடப்பக்கமே இழுத்தது. நாலாவது சக்கரத்துக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

கயலுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்த கையோடு இந்தக் கதையையும் கொடுத்துவிடுவாள். "பெரியம்மா என்னைய அப்பாகிட்ட குடுத்துட்டு அரிசியக் காப்பாத்தப் போயிட்டாங்க" என்பது அவளுடைய சுருக்கம். எங்கேயாவது அவசரமாகக் கிளம்பினால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "இடுப்புல யாருன்னு பாத்துட்டு ஓடு" என்பார்கள்.

போன மாதம் அக்காவின் மூத்த மகளுக்குப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். பாகான் டாலாம் வீட்டில் கால் வைக்க இடமில்லை. சாந்தா அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராக என்னிடம் வந்து, நின்றுகொண்டிருந்த என் கையில் கொடுத்தார்.

"பெரியம்மா, நல்லா பாத்துதானே குடுக்கிறீங்க?" என்று கயல் கேட்டாள். வீடே சிரித்தது.

அக்கா பிள்ளையின் துணியைச் சரிசெய்தார்.

"அன்னிக்குத்தான் பாக்காம குடுத்தேன்" என்றார். "இன்னிக்குப் பாத்துத்தான் குடுக்கிறேன்."