ஏசிக்குள் வைத்த தேத்தூள்

முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவனுக்கு மூக்கிலேயே கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இது எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் சொந்தக் கார் நாறியது மட்டும் எனக்குத் தெரியவில்லை. (தினமும் தனியாக உட்கார்ந்து போகிறவனுக்கு யார் சொல்வது?)

சொன்னவள் என் ஒரே மகள் நிரோஷா. துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அவள் அம்மா இறந்தபோது வந்தவளை அழைத்துவரப் போய், கொழும்பு வெக்கையில் ஏசியைப் போட்டேன். ஈரச் சாக்கை மாதக்கணக்கில் சுருட்டி வைத்த நாற்றம். பாவம், வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். திரும்பிப் போகும்போது வேன் பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தாள். பத்து நாள் லீவு. வருவதற்கு முன்பே போனில் சொன்னாள்.

“நீங்க அலையாதீங்கப்பா, வேனுக்குச் சொல்லிட்டேன்.”

“வேன வேணாம்னு சொல்லு. நம்ம கார் இப்ப கமகமன்னு இருக்கு” என்று புளுகினேன்.

வீட்டுக்கு வந்துவிட்டால் சொந்தபந்தம் சூழ்ந்துவிடும். விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் ஹட்டன் வரைக்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் அவள் எனக்கு மட்டும். அதற்குள் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: “போதும்மா, இங்கயே வந்துரு. அப்பாவால தனியா முடியல.” கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாள்தான் கராஜ் மெக்கானிக் செல்வம் பாஸிடம் போனேன்.

“ஐயா, நம்ம குளிருக்கு நீங்க ஏசியே போடுறதில்ல. உள்ள ஈரம் தங்கிப் பூஞ்சணம் புடிச்சிருச்சு. கழட்டிக் கழுவணும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க.”

ரெண்டு நாளுக்கு எங்கே போவது? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தேயிலை, பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் உறிஞ்சிவிடும். மடியில் ஒரு பல் பூண்டு வைத்திருந்தவரைக்கூட நான் தொழிற்சாலைக்குள் விட்டதில்லை. அந்த உறிஞ்சும் குணத்தை ஏன் காருக்குப் பயன்படுத்தக் கூடாது? தேத்தூளிலேயே ஆகப் பொடியானதாக அரைக் கிலோ எடுத்து மெல்லிய துணிப்பையில் கட்டி, டேஷ்போர்டுக்குள் காற்றாடிக்குப் பக்கத்தில் திணித்தேன். ஏசியை ஒன்றில் வைத்துப் பார்த்தேன். காலையில் நாற்றம் போயே போச்சு. செல்வம் பாஸுக்கு போன் போட்டுப் பெருமையடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

நிரோஷா வெள்ளைச் சட்டையில் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

“பரவாயில்லையேப்பா, வாசமே இல்ல!”

எனக்குத் தலைகால் புரியவில்லை.

“கொஞ்சம் கூட்டுங்கப்பா, வேகுது.”

நாலில் வைத்தேன். உள்ளே டர்ர்ரென்று பை கிழிந்தது. அடுத்த நொடி எல்லா ஓட்டையிலிருந்தும் அரைக் கிலோ தேத்தூளும் எங்கள் முகத்தில். கண்ணைத் திறக்க முடியாமல் ஓரங்கட்டினேன். புகை என்று நினைத்து பொலிஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

“மொனவத மே?” என்ன இது என்று சிங்களத்தில் அதட்டினார்.

“தேகொள மஹத்தயா” என்றேன். தேயிலைதான் ஐயா.

அவர் கதவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். “ஹொந்த தே” என்றார். (நல்ல தேயிலையாம். அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.)

அதற்குப் பிறகு ஏசி கிடையாது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் வந்தோம். காற்றும் லொறிச் சத்தமும் காதை அடைத்தன. மலை ஏறத் தொடங்கும் கித்துல்கலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஒத்திகை பார்த்ததை அப்படியே கேட்டேன்.

“என்னப்பா? ஒன்னும் கேக்கல!”

இரண்டாம் தடவை கேட்க வாய் வரவில்லை.

“ஒன்னுமில்லம்மா. டீ குடிக்கிறியான்னு கேட்டேன்.”

“டீயா! மூக்குல இருக்கறதே போதும்ப்பா!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் திரும்பிப் போனதும் வேனில்தான். இன்றும் போனில் அவளுடைய முதல் கேள்வி, “டீ குடிச்சீங்களா, இல்ல ஏசி போட்டீங்களா?” அவளோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். நான் கேட்க நினைத்ததுதான் அவளுக்கு இன்னும் தெரியாது.

செல்வம் பாஸ் எல்லாவற்றையும் கழட்டிக் கழுவிக் கொடுத்தார். அவர் சொன்னபடி வாரத்துக்கு ஒருமுறை, ஹட்டன் மழையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டு, பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறேன். எவ்வளவு கழுவியும் எங்கிருந்தோ நாலு துகள் பறந்து வந்து பக்கத்து சீட்டில் விழுகிறது. நான் துடைப்பதில்லை. அவள் வந்து உட்காரும்போது திட்டட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.